நீலத் தட்டில் மஞ்சள் கைகள்

ஜூன் 3, செவ்வாய்

தச்சர் வந்து அலமாரியை இறக்கிவிட்டுப் போனார். கதவு கிடையாது, பூட்டு கிடையாது. மூன்று தட்டு, ஒரு பின்பலகை, வெறும் மரம். என் அறையில், சன்னலுக்கும் புதுக் கட்டிலுக்கும் நடுவில் நிற்கிறது. என் அறை என்று இன்னும் கொஞ்ச நாள்தான் எழுதமுடியும்.

மருமகளின் அம்மா இங்கேயே இருக்க வருகிறாள். அவள் வாடகைக்கு இருந்த வீட்டை இடிக்கப்போகிறார்களாம். நேரில் பார்த்தால் ‘வாங்க சம்பந்தி, உக்காருங்க சம்பந்தி’ என்றுதான் நான் சொல்லியாகவேண்டும். இந்த நோட்டை யார் பார்க்கப்போகிறார்கள்? வருகிறாள் என்றே எழுதுகிறேன்.

மகன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “மேல் தட்டு உனக்கும்மா, நடுத் தட்டு அத்தைக்கு. கீழ்த் தட்டைப் பொதுவா வெச்சுக்கங்க.” பாகம் பிரித்தாகிவிட்டது.

மருமகள் ஆளுகிற வீட்டுக்கு மருமகளைப் பெற்றவளும் வந்துவிட்டால் நான் யார்? இதை யாரிடம் கேட்பது?

ஜூன் 5, வியாழன்

அந்த அலமாரிக்கு வர்ணம் அடிக்கப்போகிறேன். தாளும் ஒட்டப்போகிறேன். சின்ன வயதில் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டிக்கு நான்தான் தாள் ஒட்டுவேன், அதனால் அந்தப் பெட்டி என் பெட்டி ஆயிற்று. அண்ணன்கூடத் தொடமாட்டான். வருகிறவள் வாசலில் நின்று பார்த்ததுமே தெரியவேண்டும், இந்த அறையில் ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கிறாள் என்று.

பெயிண்ட் கடைக்காரர் என்ன நீலம் என்று கேட்டு ஒரு அட்டையை விரித்தார். அத்தனை நீலம். “வானத்து நீலமாம்மா, கடல் நீலமா?”

“விட்டுக்கொடுக்காத நீலம் எதுவோ அதைக் குடுங்க.”

சிரித்துக்கொண்டே அழுத்தமான ஒன்றைக் கொடுத்தார். கூட ஒரு சின்ன டப்பா மஞ்சள். மேலே தாள் ஒட்டுவதாக இருந்தால் எண்ணெய் பெயிண்ட் வேண்டாம், பசை நிற்காது, தண்ணீர் பெயிண்ட் வாங்குங்கள் என்றார். நல்ல மனுஷன்.

பேத்தி எட்டிப் பார்த்தாள். “என்ன பாட்டி, ஸ்கூல் பிராஜெக்டா?”

“ஆமாடி, நீ மார்க் போடு.”

ஜூன் 6, வெள்ளி

இன்று முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தோள் வலிக்கிறது. தேய்க்கத் தேய்க்க அந்தக் கல்யாணம்தான் நினைவுக்கு வந்தது.

மறந்துவிடக் கூடாது என்று எழுதிவைக்கிறவர்கள் உண்டு. எனக்கு மறக்கத்தான் வராது. எழுதினால் கொஞ்சம் இறங்குமா என்று பார்க்கிறேன். நான் படித்த அஞ்சு வகுப்புக்கு இதுவே அதிகம்.

என் மகன் கல்யாணத்துக்கு எனக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தது சம்பந்திதான். அவள் தையல்காரி, ஊரே அவளிடம்தான் தைக்கும் என்று பெருமை. காலையில் போட்டுப் பார்த்தால் தொளதொள. தோள் நிற்கவில்லை, கை முழங்கை வரை தொங்குகிறது. மாற்று ஜாக்கெட் கொண்டுபோகவில்லை. ஊக்கு ஊக்காகக் குத்திக்கொண்டு மேடை ஏறினேன். அதையும் ஊர் பார்க்கவேண்டாம் என்று தோளைப் பிடித்துக்கொண்டே நின்றேன். எல்லாப் படத்திலும் அப்படித்தான் நிற்கிறேன், சுளுக்குப் பிடித்தவள் மாதிரி. என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் நின்று சிரிக்கிற கடைசிப் படங்கள் அவை.

இவள் வந்து பார்த்துவிட்டு, நாலு பேர் முன்னால் சொன்னாள்: “கொஞ்சம் தாராளமா வெட்டிட்டேன் போல.” அவ்வளவுதான். எல்லாரும் சிரித்தார்கள். இடது பக்கம் நின்ற பச்சைப் புடவைக்காரிதான் முதலில் சிரித்தாள்.

அந்த ஜாக்கெட் இன்னும் என்னிடம் இருக்கிறது. சாட்சி.

ஜூன் 8, ஞாயிறு

நீலம் அருமையாக வந்துவிட்டது. தாள்தான் மானத்தை வாங்குகிறது. பரிசு சுற்றுகிற பூப்போட்ட தாளை ஒட்டினேன். பசை பட்டதும் ஊறி, சாயம் போய், கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. அம்மை போட்ட குழந்தை மாதிரி இருக்கிறது அலமாரி. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன்.

கெட்டித் தாள் வேண்டும். வீட்டில் எங்கே இருக்கிறது கெட்டித் தாள்?

ஜூன் 9, திங்கள்

சம்பந்தியின் சாமான்கள் அவளுக்கு முன்னால் வந்துவிட்டன. வண்டிக்காரர் தையல் மெஷினைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிவந்து வைத்தார். இரண்டு பெட்டி, ஒரு துணி மூட்டை. மூட்டைக்குள் செருகியபடி காக்கித் தாள் சுருள் ஒன்று, நூல் போட்டுக் கட்டியது.

கெட்டித் தாள்.

ஜூன் 10, செவ்வாய்

பிரித்தேன். ஜாக்கெட்டுக்கான பேப்பர் கட்டிங், துணிமேல் வைத்து வெட்டுகிற மாதிரித் தாள்கள். முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப் பட்டி, எல்லாம் வெட்டி வெட்டி வைத்தது. ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஆள் அடையாளமும் அளவும். நெட்டை டீச்சர். பேக்கரி அக்கா. மாடி வீடு. சண்டைக்காரி. எழுத்தைக் கண்டால் வாய்விட்டுப் படிக்காமல் எனக்கு இருக்கமுடியாது, அத்தனையும் படித்தேன். என்னுடையது இருக்கிறதா என்றும் தேடினேன். இல்லை. இருக்காது.

ஓரமெல்லாம் நைந்த பழைய தாள். இந்த வயதில் யாருக்குத் தைக்கப்போகிறாள்? உட்கார்ந்து சாப்பிடத்தானே வருகிறாள்?

கத்தரியே வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு கையும் கவிழ்த்த கிண்ணம் மாதிரி வளைவாக இருந்தது. மேல் தட்டிலும் நடுத் தட்டிலும் வரிசையாக ஒட்டினால் அலை அடிக்கிற மாதிரி. முன்பக்கமும் பின்பக்கமும் பின்பலகைக்கு. பட்டிகள் ஓரத்துக்கு. ஒரு கொப்புளம் இல்லை.

ஜூன் 11, புதன்

ஒட்டிய தாள்மேல் மஞ்சள் பூசிவிட்டேன், இரண்டு தரம். நீலத்தின்மேல் மஞ்சள் அலை. மருமகள் வாசலில் நின்று பார்த்து, “அத்தை, கடையில வாங்கின மாதிரி இருக்கு!” என்றாள். என்ன தாள் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 13, வெள்ளி

காய்ந்துவிட்டது. என் சாமான்களை மேல் தட்டில் அடுக்கினேன். ஏன் தூக்கம் வரமாட்டேனென்கிறது?

ஜூன் 15, ஞாயிறு

வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். தலை முழுக்க வெள்ளை.

“வாங்க சம்பந்தி.”

“வந்துட்டேன் சம்பந்தி. உங்களுக்குத்தான் இடைஞ்சல்.”

பேத்தி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவளை ‘மெஷின் பாட்டி’ என்கிறாள். நான் ‘ரேடியோ பாட்டி’யாம், பழசையே திரும்பத் திரும்பப் போடுகிறேனாம்.

அறைக்குள் நுழைந்ததும் அலமாரி முன்னால் நின்றாள். எதற்காக இத்தனை பாடுபட்டேனோ அந்த நேரம். நான் நிமிர்ந்து நின்றுகொண்டேன். அவள் மேல் தட்டின் ஓரத்தில் கையை வைத்தாள். ஒரு மஞ்சள் வளைவின்மேல் விரல் மெதுவாக ஏறி இறங்கியது. பிறகு அடுத்த வளைவு. பிறகு அடுத்தது.

“நல்லா இருக்கு” என்றாள்.

அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து துணி மூட்டையைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

ஜூன் 16, திங்கள்

சுருளைக் காணோமே என்று மருமகள் பிடித்துக்கொண்டாள். மூட்டைக்குள் அவளே செருகி அனுப்பினாளாம். வீடு முழுக்கத் தேடல். மகன் வண்டிக்காரரைப் போனில் கூப்பிட்டுச் சத்தம் போடுகிறான்: “ஒரு சாமானை ஒழுங்கா கொண்டுவந்து சேர்க்கத் தெரியாதா உங்களுக்கு?” பாவம், மெஷினை அப்படித் தூக்கிவந்த மனுஷன்.

வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“அவரை விடுங்க மாப்பிள்ளை. பேப்பர் கிடைச்சிடுச்சு. அலமாரியிலதான் இருக்கு.”

“அலமாரியிலயா? நான் பாத்தேனே அத்தை.”

“இருக்கு இருக்கு. நான் பாத்தேன்.”

என் பக்கம் திரும்பவே இல்லை. மகன் வண்டிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுப் போனை வைத்தான்.

நேத்தே தெரிஞ்சிருக்கு அவளுக்கு. கை வெச்சதுமே தெரிஞ்சிருக்கு. அப்படியும் ‘நல்லா இருக்கு’ங்கிறா! திட்டவேண்டியதுதானே? நாலு பேர் முன்னால கேக்கவேண்டியதுதானே, நானும் கல்யாணத்துக் கதையை எடுத்து வெச்சிருப்பேன். இப்ப நான் என்ன பண்றது? என்னைக் காப்பாத்தச் சொல்லி இவகிட்ட யார் கேட்டா?

ஜூன் 17, செவ்வாய்

மேல் தட்டைத் துடைத்தேன். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம்.

வேண்டுமென்றுதான் ஒட்டினேனா? தெரியவில்லை. இல்லை என்று எழுத வந்தேன், பேனா போகமாட்டேனென்கிறது.

ஜூன் 18, புதன்

சமையலறையில் அம்மாவும் மகளும் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை, தண்ணீர் எடுக்கப் போனேன்.

“பழைய தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்திருக்கேன், துணியைக் குடுத்தனுப்புங்க, தெச்சுத் தரேன்னு. சும்மா உக்காந்தா மருமகன் வீட்டுல பாரம்னு எனக்கே தோணும்.”

“யாரும்மா அப்படி நெனைக்கப்போறா? தேவைன்னா புதுசா வரைஞ்சுக்கோயேன்.”

“பென்சில் பிடிச்சா கை நடுங்குதுடி. வளைவு வரமாட்டேங்குது. கத்தரி பிடிச்சா நடுங்கல. இருக்கிற பேப்பரை வெச்சு வெட்டத்தான் என்னால முடியும். அதுவும் ஒவ்வொருத்திக்கும் எத்தனை தரம் போட்டுப் பாத்து, பிரிச்சு, திருத்தி வெச்சது.”

“அதான் அலமாரியில இருக்குன்னியே?”

“இருக்கு. எடுக்கத்தான் வழி பாக்கணும்.”

தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்துவிட்டேன். பாரம். அந்த வார்த்தையை நான் என் வாயால் சொன்னதில்லை. மூன்றாம் தேதி ‘நான் யார்?’ என்று இந்த நோட்டில் நான் எழுதியது வேறு என்ன?

ஜூன் 19, வியாழன்

யாரும் இல்லாதபோது கத்தி முனையால் ஒரு கையை நெம்பிப் பார்த்தேன். தாள் பொடிந்து தூளாக வருகிறது. பசை அப்படிக் காய்ச்சியிருக்கிறேன், கெட்டிக்காரி. விட்டுவிட்டேன். அந்த ஒன்றும் கெட்டது.

ஜூன் 20, வெள்ளி

மத்தியானம் நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். அவள் எழுந்தாள். நடுத் தட்டில் இருந்த தன் துணிகளைக் கட்டிலுக்கு மாற்றினாள். புடவைப் பெட்டிக்குள் வருகிற மெல்லிய வெள்ளைத் தாளைத் தட்டின்மேல் விரித்து, பேத்தியின் பழைய மெழுகுக் கலர் ஒன்றைப் படுக்கவைத்துத் தேய்த்தாள். தேய்க்கிற இடத்தில் மஞ்சளுக்கு அடியில் இருந்த தாளின் ஓரம் மட்டும் கறுப்பாக எழும்பி வந்தது. ஒரு ஜாக்கெட் கை. முழுசாக, வளைவு பிசகாமல்.

ஆனால் தாள் நழுவுகிறது. ஒரு கையால் பிடித்து ஒரு கையால் தேய்த்தால் கோடு இரட்டையாகிவிடுகிறது. கசக்கிவிட்டு மறுபடி. மறுபடியும் நழுவல்.

எத்தனை நேரம்தான் தூங்குகிற மாதிரி கிடப்பது? எழுந்து போய்த் தாளின் இரண்டு முனையையும் அழுத்திப் பிடித்தேன்.

“தூங்கலையா சம்பந்தி?”

“நீங்க பண்ற சத்தத்துல எங்க தூங்குறது?”

சத்தமே இல்லை. அவள் தேய்த்தாள்.

ஜூன் 21, சனி

மேல் தட்டைக் காலி செய்துகொடுத்தேன். என் சாமான்களை ஒரு பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

கைகளாக எடுத்து அடுக்கினோம். அப்புறம் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“உருவம் வந்துடுச்சு. ஆனா எது யாருதுன்னு தெரியலையே. அடையாளம், அளவு, எல்லாம் பெயிண்ட்டுக்கு அடியில போயிடுச்சு. தலைக்குள்ள வெச்சுக்க மாட்டேன் நான், அதுக்குத்தானே தாள்ல எழுதறது.”

நான் யோசிக்கவே இல்லை, வார்த்தை தானாக வந்தது. “சன்னல் பக்கத்துல முதல்ல இருக்கிறது நெட்டை டீச்சர். கை நீளம் ஒன்பது, சுற்று பதினொண்ணரை. கீழ ‘இறுக்கிப் பிடிக்கக் கூடாது’ன்னு எழுதியிருந்தது. அடுத்தது பேக்கரி அக்கா, கை ஏழு, சுற்று பதினாலு. அதுக்கடுத்தது சண்டைக்காரி. அதுல ஆறரைன்னு எழுதி, அடிச்சு, ஏழுன்னு எழுதி, மறுபடி அடிச்சு, ஆறரை.”

அவள் என்னையே பார்த்தாள். “ஆமா. மூணு தரம் சண்டை போட்டா. எப்படி சம்பந்தி?”

“ஒட்டும்போது படிச்சேன்.”

“ஒரு தரமா?”

“ஒரு தரம் போதும் எனக்கு.”

இந்த வீட்டில் நான் ‘அன்னைக்கு’ என்று ஆரம்பித்தாலே ஆளுக்கொரு பக்கம் எழுந்துபோவார்கள். மருமகளுக்கு அடுப்பில் ஏதாவது ஞாபகம் வரும், மகனுக்குப் போன் வரும். இன்றைக்கு ஒருத்தி பென்சிலைச் சீவி என் கையில் கொடுத்துவிட்டு, “ஒண்ணு விடாம எழுதுங்க” என்று எதிரில் உட்கார்ந்தாள்.

வாசலில் நின்று பேத்தி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். “மெஷின் பாட்டிக்கு ரேடியோ பிடிச்சுப்போச்சு!”

ஜூன் 24, செவ்வாய்

‘மாடி வீடு’ என்று எழுதிய பின்பக்கத் தாளை மூலையில் மடித்து ஒட்டியிருந்தேன். இரண்டு துண்டாக எடுத்துச் சேர்த்தோம். கத்தியால் நான் நெம்பிக் கெடுத்தது பேக்கரி அக்காவின் இன்னொரு கை. “ரெண்டு கையும் ஒண்ணுதான், விடுங்க” என்றாள்.

ஜூன் 28, சனி

முதல் துணி வந்தது, சண்டைக்காரியிடமிருந்து. தாளை வைத்து வெட்டும்போது பார்த்தேன். சொன்னது நிஜம்தான், கத்தரி பிடித்த கையில் நடுக்கமே இல்லை.

எனக்குத்தான் உள்ளுக்குள் நிலைகொள்ளவில்லை. இத்தனை பேருக்கும் அளவாகத் தைத்துத் தருகிறவள், என் ஒருத்திக்கு மட்டும் ஏன் அப்படித் தைத்தாள்? கேட்டுவிடு, கேட்டுவிடு என்று மனசு பிறாண்டுகிறது. கடைசியில் பெட்டியை இழுத்து, அந்தக் கல்யாண ஜாக்கெட்டை எடுத்து அவள் மடியில் போட்டேன்.

“இது யார் அளவு சம்பந்தி?”

தூக்கிப் பார்த்தாள். தோளில் ஊக்குக் குத்திய துளைகள் இன்னும் இருக்கின்றன. விரலால் தடவினாள்.

“யார் அளவும் இல்ல.”

“புரியல.”

“அளவே எடுக்கலை. பேப்பரும் போடலை. தூரத்துல இருந்து கண்ணால பாத்து வெட்டினேன்.”

“ஏன்? நான் அங்கதானே இருந்தேன்? டேப்பை எடுத்துட்டு வந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?”

“மாப்பிள்ளையோட அம்மா. கையைத் தூக்குங்க, திரும்புங்கன்னு எப்படிச் சொல்றது? டேப்போட உங்க வாசல்வரை வந்தேன். நீங்க யாரையோ அதட்டிக்கிட்டு இருந்தீங்க. பயந்துக்கிட்டுத் திரும்பிட்டேன். இறுக்கமா போயிட்டா வம்பு, தளர்வா இருந்தா பிடிச்சுக்கலாம்னு வெட்டினேன். அன்னைக்கு மேடையில உங்களைப் பாத்ததும் ஊக்குதான் கண்ணுல பட்டுது. என்ன சொல்றதுன்னு தெரியாம ஏதோ உளறினேன்.”

“‘கொஞ்சம் தாராளமா வெட்டிட்டேன் போல’ன்னு.”

“அதுவும் ஞாபகம் இருக்கா?”

“பச்சைப் புடவை கட்டினவ சிரிச்சது வரைக்கும்.”

“அவ என் தங்கச்சி. எதுக்கெடுத்தாலும் சிரிப்பா, சாவு வீட்டுலயும் சிரிப்பா.” ஜாக்கெட்டை மடித்துக்கொண்டே சொன்னார்: “தப்பு என்னுதுதான் சம்பந்தி.”

பேத்தி பிறந்து, வளர்ந்து, காலேஜுக்கும் போகத் தொடங்கிவிட்டாள். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அத்தனை காலம் காத்திருந்தேன். வந்தால் என்னென்ன திருப்பிச் சொல்லவேண்டும் என்று எல்லாம் வைத்திருந்தேன், வரிசையாக. “டீ போடட்டுமா?” என்று கேட்டேன்.

யாரை அதட்டினேன் அன்றைக்கு என்றும் நினைத்துப் பார்த்தேன். பந்தல்காரரை. அது அவசியமான அதட்டல்தான்.

ஜூலை 2, புதன்

அளவு எடுத்தார்.

“கையைத் தூக்குங்க சம்பந்தி.” தூக்கினேன். “திரும்புங்க.” திரும்பினேன். “மூச்சைப் பிடிக்காதீங்க, உங்களை யாரும் படம் எடுக்கலை.” எனக்குச் சிரிப்பு வந்து டேப் நழுவி, மறுபடி முதலிலிருந்து.

வளைவை வரையத்தான் வழியில்லை. மேல் தட்டில் இருந்த நெட்டை டீச்சரின் கையைத் தேய்த்து எடுத்து, அரை அங்குலம் குறைத்து வெட்டிக்கொண்டார். அந்தத் தாளில் எண்களை நான் எழுதினேன். ஆள் அடையாளத்தை மட்டும் தானே எழுதவேண்டும் என்று பென்சிலை வாங்கிக்கொண்டார். கை நடுங்கியது. ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தது. எழுதி முடித்து என் பக்கம் திருப்பினார்.

‘பக்கத்துக் கட்டில்.’

ஜூலை 6, ஞாயிறு

புது ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தேன். தோள் நிற்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

விடுமுறை நாளில் மகனுக்குத் திடீரென்று அக்கறை. மிச்சம் இருந்த மஞ்சள் டப்பாவையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்தான். “என்னம்மா, உன் தட்டு காலியா கிடக்கு? ஓரமெல்லாம் வேற தேய்ஞ்சுபோயிருக்கு. அவ்வளவு ஆசையா பண்ணினே. இன்னொரு கோட்டிங் அடிச்சுத் தரட்டுமா?”

“தொடாதே” என்றேன் நான். “தொடாதீங்க மாப்பிள்ளை” என்றார் சம்பந்தி. இரண்டும் ஒரே மூச்சில் வந்தது. அவன் பிரஷோடு அப்படியே நின்றான்.

தேய்த்து எடுக்கிற மெல்லிய தாள் ஒரு ஜாக்கெட்டுக்குமேல் தாங்காது; இன்னொரு தரம் பூசினால் அடித் தாளின் ஓரம் மூடிப்போகும், மறுபடி தேய்த்து எடுக்கமுடியாது. நாளைக்கு மாடி வீட்டுக்காரர்களின் துணி வருகிறது.